நகம் கழற்றப் போன வீடு

1. முதல் நாள்

கல்முனையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் யாருக்கும் நகம் போடவில்லை. ஒருவருடைய நகத்தைக் கழற்றினேன். அதற்கே முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஏச்சும் விழுந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஆறு மாதம் நெயில் டெக்னீஷியன் கோர்ஸ் படித்து, பிராக்டிகல் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, சான்றிதழோடு நிந்தவூருக்குத் திரும்பியிருந்தேன். வேலை எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை நிறையவே இருந்தது. கல்முனையில் பெண்களுக்கு மட்டுமான ஒரு பிரைடல் சலூனில் நகத்துக்கென்று ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிப் போய் நின்றேன். சலூனை நடத்தியவர் நஸ்ரின் ராத்தா; அக்காவை நாங்கள் ராத்தா என்போம். மணப்பெண் அலங்காரத்தில் பெயர் எடுத்தவர். சான்றிதழை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நாளைக்கே வா" என்றார்.

மறுநாள் முதலில் வந்தவள் ஒரு கம்பஸ் மாணவி. கொழும்பில் தோழியின் கலியாணத்துக்கு அக்ரிலிக் நகம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பவுடரையும் லிக்விட்டையும் குழைத்து நகத்தின் மேல் வைத்தால் கல் மாதிரி இறுகிவிடும், அதுதான் அக்ரிலிக். அவளுக்கு அதை எடுக்க வேண்டும். நஸ்ரின் ராத்தா தட்டையான ஒரு இரும்புக் கம்பியை என் கையில் தந்தார்.

"இத உள்ளுக்க குடுத்துக் கிளப்பு. அஞ்சு நிமிஷ வேல."

"ராத்தா, கிளப்பினா அவட சொந்த நகமும் படையா உரிஞ்சி வந்திரும். அசிடோன்ல ஊற வெச்சித்தான் எடுக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணித்தியாலம் போகும்."

"ஹஸ்னா, வெளியில ரெண்டு மணப்பொண்ணு வீட்டாக்கள் இரிக்காங்க. இது கொழும்பில்ல."

நான் இரும்புக் கம்பியை மேசையில் வைத்துவிட்டு, ஃபைலால் மேற்பளபளப்பைத் தேய்த்தெடுத்து, பஞ்சை அசிடோனில் நனைத்து ஒவ்வொரு நகத்திலும் வைத்து அலுமினிய ஃபொயில் சுற்றினேன். அந்தப் பிள்ளை பத்து வெள்ளி விரல்களோடு உட்கார்ந்திருந்தாள். ஊறிய பிறகு அக்ரிலிக் ஈர மாப்போல வழிந்து வந்தது. உள்ளே அவளுடைய சொந்த நகம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம். நஸ்ரின் ராத்தா அன்று மாலை வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

2. ஒரு கேள்வி

கோர்ஸில் எனக்குச் சொல்லித்தராத ஒன்றை எங்கள் ஊர்தான் சொல்லித்தந்தது. ஜெல் போலிஷ் மூன்று கிழமை நிற்கும் என்பதைக் கொழும்பில் பெருமையாகச் சொல்லி விற்கலாம். எங்கள் கிழக்குக் கரையில் அதுவே குறை. தொழுகைக்கு முன் வுழூ எடுக்க முகம், கை, கால் கழுவும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும். மேலே போலிஷோ அக்ரிலிக்கோ இருந்தால் படாது. ஆகவே என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், மாதத்தில் பெண்களுக்குத் தொழுகை இல்லாத அந்தச் சில நாட்களில்தான் வருவார்கள். ஆறு ஏழு நாள் ஆசைக்குப் போடுவார்கள், பிறகு கழற்ற வருவார்கள். சிலர் கழற்ற வரமாட்டார்கள். வீட்டில் பல்லால் கடித்து, பிளேடால் சுரண்டி, நகத்தைக் கெடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வந்து நிற்பார்கள்.

அதைப் பார்த்துப் பார்த்து நான் ஒரு பழக்கத்துக்கு வந்தேன். போடுவதற்கு முன்னமே கேட்பேன்: "எப்ப கழட்டணும்?" வேறொன்றும் கேட்க மாட்டேன். விளங்குகிறவர்களுக்கு விளங்கும். அவர்கள் சொல்லும் நாளை ஒரு சின்னக் கார்டில் பெயரோடு எழுதி, கழற்றவும் அப்போதே நேரம் கொடுத்துவிடுவேன்.

நஸ்ரின் ராத்தாவுக்கு அது பிடிக்கவில்லை.

"வாறவங்களுக்கு ஆசையா போட்டு அனுப்பு. கழட்டுற கதைய என்னத்துக்கு முன்னுக்கே எடுக்காய்? மனம் மாறி எழும்பிப் போயிருவாங்க."

"போனா போகட்டும் ராத்தா. நாள் கணக்குத் தெரிஞ்சா எனக்கு எதப் போடணும் எண்டு விளங்கும்."

"மணப்பொண்ணுகளிட்ட மட்டும் கேட்டிராத. அபசகுனமா நினைப்பாங்க."

மணப்பெண்களிடம் கேட்கக் கூடாது, மற்றவர்களிடம் கேட்கலாம் என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். நான் முழுமனதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கடை அவருடையது.

3. வயல் கை

நான் சேர்ந்து ஏழெட்டு மாதம் இருக்கும். வரிப்பத்தான்சேனையிலிருந்து சஹ்லா என்ற பிள்ளைக்குக் கலியாணம். சனிக்கிழமை நகம், ஞாயிற்றுக்கிழமை அலங்காரம் என்று நஸ்ரின் ராத்தாவிடம் எழுதியிருந்தார்கள். சஹ்லாவோடு அவளுடைய உம்மா ஜெஸீமாவும் வந்தார்; நான் சாச்சி என்று கூப்பிட்டேன். நாற்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நெற்காணி பார்க்கிற குடும்பம். விதைப்பு, களையெடுப்பு, அறுவடைக்கு ஆள் பிடிப்பது எல்லாம் சாச்சியின் பொறுப்பு என்று சஹ்லா சொன்னாள்.

மகளுக்கு நான் நகம் நீட்டி வளைத்துப் போடுவதை சாச்சி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது விரல் முடிந்ததும் கேட்டார்:

"புள்ள, இது என்ட கையிலயும் நிக்குமா?"

சஹ்லா சிரித்துவிட்டாள். "உம்மா!"

"ஏன், உம்மாக்கு விரல் இல்லையா? இருவத்தஞ்சு வருஷமா வயலுக்க கிடந்த கை. மகள்ட கலியாணத்துக்கு ஒரு நாலு நாள் வடிவா இரிந்தா என்ன?"

சாச்சியின் நகங்கள் கட்டையாக, ஓரம் தடித்து, இரண்டு விரலில் குறுக்கே வெடித்து இருந்தன. அப்படிப்பட்ட நகத்தில் வேலை செய்வதுதான் எனக்கு விருப்பம். நன்றாகச் சுத்தம் செய்து, வெடிப்பை மறைத்து, அக்ரிலிக்கால் அளவாக நீட்டி, ரோஜாப்பூ நிறம் போட்டேன். தொடங்குவதற்கு முன் வழமைபோலக் கேட்டேன்.

"சாச்சி, எப்ப கழட்டணும்?"

அவர் மகளின் காதில் விழாதபடி என் பக்கம் குனிந்தார்.

"எனக்கு நேத்துத்தான் நாள் வந்த. அதுதான் துணிஞ்சி கேட்ட. வியாழக்கிழமை காலையில வாறன். கட்டாயம் கழட்டித் தரணும். புறகு தொழணும், அறுவடையும் இரிக்கி."

கார்டில் எழுதினேன்: ஜெஸீமா, வரிப்பத்தான்சேனை, வியாழன் காலை பத்து மணி.

முடிந்ததும் சாச்சி இரண்டு கையையும் முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆர்ட கை?" என்று கேட்டுவிட்டு, நஸ்ரின் ராத்தாவுக்கும் கொண்டுபோய்க் காட்டினார்.

4. புதன்கிழமை

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு சலூன் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். எடுத்தவுடன் அழுகை. யாரென்று விளங்கவில்லை. பிறகு சஹ்லாவின் குரல்.

"ராத்தா, உம்மா மௌத்தாப் போயிட்டா."

விடியற்காலை சுபஹு தொழுகை நேரத்துக்கு நெஞ்சு நோவென்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஜனாஸா அடக்கம் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என்று பள்ளியில் அறிவித்துவிட்டார்கள்.

"குளிப்பாட்டுறவங்க வந்திருக்காங்க. நகம் இருந்தா தண்ணி படாதாம். கழட்டப் பாக்காங்க, கழடுதில்ல. பிளேடு எடுத்துட்டாங்க ராத்தா. எனக்குப் பாக்க ஏலா."

"பிளேட வாங்கி வைங்க. ஒராளும் தொட வேணாம். நான் வாறன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். நஸ்ரின் ராத்தா ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தவர், நூலைக் கீழே வைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அலுமாரியைத் திறந்து இருந்த இரண்டு போத்தல் அசிடோனையும் என் பையில் வைத்தார். பஞ்சு, ஃபைல், ஃபொயில் எல்லாம் வைத்தார். தெரிந்த ஓட்டோக்காரரை வரவழைத்தார். நான் ஏறும்போது சொன்னார்: "மெதுவா செய். நீ செய்யுற மாதிரியே செய்."

கழற்றும் நாள் எழுதிய கார்டுகளைப் போட்டு வைக்கும் பெட்டியையும் ஏனோ கையோடு எடுத்துக்கொண்டேன்.

வீட்டு முற்றத்தில் கலியாணத்துக்குப் போட்ட பந்தல் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அதன் கீழ் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். சாச்சியை வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஹாஜரா மாமி இருந்தார். அந்த ஊரில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுகிறவர் அவர்தான். அறுபது வயதைத் தாண்டியவர், கட்டான உடம்பு, கண்டிப்பான முகம். பிளேடு அவர் மடியில் இருந்தது. நான் போனில் சொன்னதை சஹ்லா சொன்னதும், வெட்டப் போனவளிடமிருந்து அவரே பிடுங்கி வைத்துக்கொண்டாராம்.

"மையித்துக்கும் நோவும், மகள்" என்றார் என்னிடம். "உசிரோட இரிக்கிற ஆளத் தொடுற மாதிரித்தான் தொடணும். உனக்கு அப்பிடிக் கழட்டத் தெரியுமா?"

"தெரியும் மாமி."

அவ்வளவு உறுதியாகச் சொன்னதை இப்போது நினைத்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. ஆனால் உண்மையில் தெரியும். அதைத்தான் படித்திருந்தேன்.

போத்தலைத் திறக்கப் போனபோதுதான் சாம்பிராணிச் சட்டி கண்ணில் பட்டது. கால்மாட்டில் தணல் கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு ஊதுபத்தி. அசிடோன் பெற்றோல் மாதிரி, ஆவியிலேயே பற்றும்.

"மாமி, சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாத்தையும் வெளியில கொண்டுபோகணும். யன்னலத் துறக்கணும். இது நெருப்புப் பிடிக்கிற சாமான்."

மூலையிலிருந்த ஒருத்தி முணுமுணுத்தாள். "மௌத்து வீட்டுல சாம்பிராணிய அணைக்கச் சொல்ற புள்ளையப் பாரு." ஹாஜரா மாமி எழும்பி, சட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு வெளியே போனார். அதோடு அறையில் மற்ற வேலைகளும் நடந்தன. யன்னல் திறந்தது. நான் கேட்ட துவாய்களும் வந்தன.

சாச்சியின் வலக்கையை எடுத்து என் மடியில் ஒரு துவாயின் மேல் வைத்தேன். பெருவிரலில் அக்ரிலிக்கின் ஒரு மூலை பிளேடு பட்டு உடைந்திருந்தது. மற்ற ஒன்பதும் நான் போட்டபடியே, ரோஜாப்பூ நிறத்தில், பளபளவென்று இருந்தன. நகம் தேய்க்கும் மெஷினைக் கொண்டுபோகவில்லை, அந்த அறையில் அந்தச் சத்தம் கூடாது. கையாலேயே தேய்த்தேன்.

மூலையிலிருந்த பேச்சு நிற்கவில்லை. "நகத்த வெச்சிக்கிட்டு இந்த அஞ்சு நாளும் எப்பிடித் தொழுதிருப்பா? தொழுதிருக்கமாட்டா. இப்ப பாத்தீங்களா." சொன்னவள் தூரத்து உறவு. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் சஹ்லாவுக்குக் கேட்டது. சுவரோடு சாய்ந்திருந்தவள் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

கஸ்டமர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் ஃபைலைக் கீழே வைத்தேன். சொல்லாமல் விட்டால் அந்தப் பேச்சு சாச்சிக்குப் பிறகும் அந்த ஊரில் இருக்கும். கார்டுப் பெட்டியைத் திறந்து சாச்சியின் கார்டை எடுத்தேன்.

"சாச்சி தொழுகை இல்லாத நாள்லதான் என்னட்ட நகம் போட்ட. போடுமுன்னமே எப்ப கழட்டணும் எண்டு சொல்லித்தான் போட்ட. நாளைக்கு பத்து மணிக்கு கழட்ட வாறெண்டு இரிந்த. புறகு தொழணும் எண்டு அவட வாயாலேயே சொன்ன. இந்தா, எழுதி இரிக்கி."

கார்டை ஹாஜரா மாமியிடம் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு மூலையைப் பார்த்தார்.

"கேட்டிங்கதானே. இனி இந்த அறைக்க யாசீன் ஓதுற சத்தம் மட்டும்தான் கேக்கணும்."

சஹ்லா எழும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உம்மாவக் குளிப்பாட்ட நானும் நிக்கணும்" என்றாள்.

ஹாஜரா மாமி அவளுடைய கையைப் பார்த்தார். மணப்பெண் நகம், நீளமாக, கூராக. "இந்த நகத்தோட உம்மாட மேல தொடேலா, மகள். கீறிப்போடும்."

"ராத்தா, என்டயும் கழட்டுங்க."

நேரம் பன்னிரண்டரை. இருபது விரல். ஃபொயில் பத்து விரலுக்குத்தான் காணும். கலியாணச் சாப்பாட்டுக்கு வாங்கி மிஞ்சிய, சோறு பொதிகிற பிளாஸ்டிக் லஞ்ச் ஷீட் ஒரு கட்டு குசினியில் இருந்தது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, பஞ்சைச் சுற்றித் தையல் நூலால் கட்டினேன். உம்மாவுக்கு ஃபொயில், மகளுக்கு லஞ்ச் ஷீட். இரண்டு பேருடைய கையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

இருபத்தைந்து நிமிடத்தில் சஹ்லாவின் நகம் கரைந்து வந்துவிட்டது. ஃபொயிலைப் பிரித்துப் பார்த்தேன். சாச்சியின் நகம் அப்படியே இறுக்கமாக இருந்தது. ஒரே சாமான், ஒரே கை போட்டது. பிறகுதான் விளங்கியது. அசிடோன் வேலை செய்யச் சூடு வேண்டும். உயிருள்ள விரல் தன் சூட்டைத் தானே கொடுக்கும். சாச்சியின் விரல்கள் குளிர்ந்துவிட்டன.

சுடுதண்ணீர் கேட்டு வாங்கி, துவாயை அதில் நனைத்துப் பிழிந்து, சாச்சியின் இரண்டு கையையும் அதில் பொதிந்தேன். ஆறியதும் இன்னொன்று. பஞ்சை மாற்றிப் புதிதாக அசிடோன் ஊற்றினேன். சஹ்லா துவாய் பிழிந்து தரத் தொடங்கினாள். துவாயின் மேலால் உம்மாவின் கைகளைத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். அவளுடைய சூடும் சேரட்டும் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தடவை பிரித்தபோது முதல் விரலில் அக்ரிலிக் வழுகி வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் வந்தன. கடைசியாக, பிளேடு பட்ட பெருவிரல். உள்ளே சாச்சியின் சொந்த நகம், கட்டையாக, குறுக்கே வெடித்தபடி, புதுக்காயம் ஒன்றும் இல்லாமல் இருந்தது.

ஹாஜரா மாமி பத்து விரலையும் தடவிப் பார்த்தார். "சரி" என்றார். "சஹ்லா, வுழூ எடுத்துக்கிட்டு வா."

நேரம் இரண்டு மணிகூட ஆகவில்லை. நான் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்து, பின்பக்கக் குழாயடியில் நின்று அப்போதுதான் அழுதேன்.

மாலை சலூனுக்குத் திரும்பியபோது நஸ்ரின் ராத்தா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "காயம் இல்லாம வந்திச்சா?" ஓம் என்றேன். அடுத்த நாள் காலை என் மேசையில் ஒரு கட்டுப் புதுக் கார்டு இருந்தது. "மணப்பொண்ணுகளிட்டயும் கேட்டு எழுது" என்றார். "ஆரும் எழும்பிப் போனா நான் பாத்துக்குவன்." யாரும் எழும்பிப் போகவில்லை.

5. ஹாஜரா மாமியின் ஆசை

இப்போது நிந்தவூரில் எனக்கென்று ஒரு சலூன் இருக்கிறது. கோர்ஸ் முடித்து வருகிற தங்கச்சிமார், எந்த பிராண்ட் ஜெல் வாங்குவது, எந்த லாம்ப் நல்லது என்று கேட்பார்கள். சொல்வேன். கூடவே இதையும் சொல்வேன்: போடுவதில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான், கழற்றும்போதுதான் நீங்கள் படித்தீர்களா இல்லையா என்று தெரியும். ஒரு கையைப் பிடிப்பதற்கு முன் அந்தக் கைக்கு எப்போது என்ன தேவை என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். ஐந்து நிமிடத்தில் முடி என்று யார் சொன்னாலும், முடியாது என்றால் முடியாது என்று சொல்லுங்கள். பயப்பட வேண்டாம்.

அன்று வரிப்பத்தான்சேனைக்குப் போய் வந்து மூன்று மாதத்தில் ஹாஜரா மாமி எனக்கு போன் எடுத்தார்.

"மகள், இப்ப எல்லா ஊர்லயும் புள்ளைகள் நகம் ஒட்டுதுகள். ஒவ்வொரு மௌத்துக்கும் உன்னைக் கூப்பிடேலா. மையித்துக் குளிப்பாட்டுற பொம்பளைகளச் சேத்துத் தாறன். வந்து காட்டித் தா."

போனேன். ஹாஜரா மாமியின் வீட்டில் பல ஊர்களிலிருந்து பன்னிரண்டு பெண்கள் மதிய லுஹர் தொழுதுவிட்டுக் காத்திருந்தார்கள். முந்தின நாளே என் பத்து விரலிலும் அக்ரிலிக் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பத்துப் பேர் ஆளுக்கொரு விரலைப் பிடித்தார்கள். நெருப்பை வெளியே வைப்பது, ஃபைல் பிடிப்பது, துவாய்ச் சூடு, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் செய்யவைத்தேன். ஒருவரும் கிளப்பவில்லை. பத்து நகமும் சுத்தமாக வந்தன.

தேத்தண்ணீர் குடித்து முடிந்ததும் ஹாஜரா மாமி என் பெட்டியைக் கிளறி ஒரு சிவப்பு போலிஷ் குப்பியை வெளியே எடுத்தார்.

"அஸருக்கு எவ்வளவு நேரம் இரிக்கி?"

"ஒண்ணர மணித்தியாலம் இரிக்கி மாமி."

"போடு. எனக்கு நாள் நிண்டு பத்து வருஷம். இப்ப எந்த நாள்ல போடுற? பாங்குக்கு முன்ன கழட்டித் தரணும், சரியா?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். "ஒராளும் போட்டோ எடுக்கப்படாது" என்று அவர்களை அதட்டிவிட்டுக் கையை நீட்டினார். எத்தனையோ பேரைக் கடைசியாகக் கழுவிய கை. நான் அவசரப்படாமல் இரண்டு பூச்சுப் போட்டு உலர்த்தினேன். அவர் யன்னலோரம் உட்கார்ந்து, கைகளை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒரு தடவை சீலைத் தலைப்பைச் சரிசெய்தார். அதையும் விரல் தெரியத்தான் செய்தார்.

பாங்குக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது அவரே எழும்பி வந்தார்.

"வடிவாத்தான் இரிக்கி" என்றார். "இனிக் கழட்டு."

பஞ்சை நனைத்து, ஒவ்வொரு விரலாக, ஓரத்தில் ஒரு துளி சிவப்பும் இல்லாமல் துடைத்துக் கொடுத்தேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வுழூ எடுக்கப் போனார்.